குடைக்குறிக்குக் கீழே விட்ட இடம்

இதை எழுத உட்காருவதும் எழும்பிப் போவதுமாகச் சில வருடங்கள் கழிந்துவிட்டன. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, தேவாரம் படித்து முடித்ததும் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றும். உடனேயே, இது இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றிய கதை, பிழையாக எழுதினால் அவர் வந்து திருத்த முடியாது என்ற பயமும் வந்துவிடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீடும் பிள்ளையும் கோயிலும்தான் எனக்குத் தெரிந்தவை. என்றாலும், எழுதாமல் விட்டால் சிட்னியில் பென்டில் ஹில் கடைகளில் ஒரு மாதிரியும் மெல்பேர்னில் இன்னொரு மாதிரியும் உலவுகிற கதைதான் மிஞ்சும். அது அதைவிடப் பெரிய பிழையாகத் தெரிந்ததால் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்கள் மாடும் வைத்திருப்பார்கள். வயல் விதைக்கிற காலத்தில் மாடுகளை மேய்ச்சல் வெளிக்கு ஓட்டிவிடுவார்கள். பல வீட்டு மாடுகள் அங்கே ஒன்றாகக் கலந்து மேயும். எது யாருடையது என்று பிரிப்பதற்குத்தான் குறி சுடுவது.

எங்கள் ஆட்களுக்குக் குடி என்று ஒன்று உண்டு. அது தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. தகப்பன் எந்த ஊர், எந்தக் குடி என்பது கணக்கில்லை. ஒரே குடியில் பிறந்தவர்கள் எவ்வளவு தூரத்து ஊர்க்காரராக இருந்தாலும் அண்ணன் தங்கச்சி முறைதான். கலியாணம் செய்யக்கூடாது.

மாட்டின் குறியும் குடிப்படிதான். எங்கள் குடிக்குக் குடை. மேலே வளைந்த ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு காம்பு. காம்புக்குக் கீழே அந்தந்த வீட்டுக்கென்று ஓர் எழுத்து. குடையைப் பார்த்தால் குடி தெரியும், எழுத்தைப் பார்த்தால் வீடு தெரியும். கன்றுக்குத் தாய்ப்பசுவின் குறி. மற்ற ஊர்களில் எப்படியோ எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இப்படித்தான்.

குறி சுடுகிற நாளில் நான் வீட்டில் நிற்க மாட்டேன். சிரட்டை நெருப்பில் கம்பி சிவக்கும்போதே கோயிலடிக்கு ஓடிவிடுவேன். கன்று கத்துவதைக் கேட்க முடியாது. என் தம்பி நிற்பான். கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான். சுட்ட இடத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசுவதும் அவன்தான்.

போரில் ஊர் கலைந்தபோது அந்த மாடுகளைக் கொண்டுபோக முடியவில்லை. கையில் அகப்பட்டதோடு எல்லோரும் ஓடினோம். தம்பி மட்டும் திரும்பிப் போய், பட்டியின் கடப்பை, அதாவது வாசல் தடியை, திறந்து விட்டு வந்தான். உள்ளே அடைபட்டுச் சாகக்கூடாது என்று திறந்தான். அதன் பிறகு ஒரு மாட்டையும் நாங்கள் காணவில்லை. அந்தப் பக்கம் ஓடின மாடுகளை யார் யாரோ வளைத்துப் பிடித்து, பழைய குறிக்கு மேல் தங்கள் குறியைச் சுட்டு விற்றார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். தம்பி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழும்பி வெளியே போய்விடுவான்.

இப்போது கதைக்கு வருகிறேன். போர் முடிந்து அடுத்த வருடம் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. நாங்கள் டூங்கபியில் இருந்தோம். மாப்பிள்ளையின் தாய் பென்டில் ஹில்லில், ரயிலில் அடுத்த ஸ்டேஷன். அவவும் மட்டக்களப்புப் பக்கம்தான், ஆனால் வேறு ஊர். கணவர் இல்லை. ஒரே மகன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே ஹொஸ்பிட்டலில் வேலை செய்து தாங்களாகவே விரும்பியது. எங்களுக்கு அதில் குறை இல்லை. முறைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், உங்கள் குடி என்ன என்று. அவ சொன்ன குடி எங்களுடையது இல்லை. மனது நிறைந்து அம்மாளுக்குப் பொங்கல் வைத்தேன்.

என் கணவர் யாழ்ப்பாணம். அவர்கள் பக்கம் இந்தக் குடி முறை கிடையாது. நான் குடி கேட்டதற்கே சிரித்தார். சாதகம் பார்த்தாயிற்று, சம்பளமும் பார்த்தாயிற்று, இனி மாட்டையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது.

நாள் குறிப்பதற்குத் தாய்மாமன் வரவேண்டும். தம்பி மெல்பேர்னில் இருக்கிறான், அங்கே மரக்கறி மார்க்கெட்டில் வேலை. அவன் விமானத்தில் வந்து இறங்கினான். ஹரிஸ் பார்க் கடையொன்றில் இனிப்பு வாங்கி, பழமும் பூவும் தட்டில் அடுக்கிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் ஒரு ஞாயிறு பின்னேரம் அவவின் வீட்டுக்குப் போனோம்.

நல்ல மாதிரி வரவேற்றா. குசினியில் பலகாரம் பொரிகிற மணம். மாப்பிள்ளை கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். தம்பி சுவரைப் பார்த்தபடி இருந்த கதிரையில் இருந்தான். நான் அவவோடு மண்டபம், ஐயர், சாப்பாடு என்று கதைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பியின் சத்தம் இல்லை என்று உணர்ந்து திரும்பினேன். கொடுத்த தட்டை மடியில் வைத்திருந்தான், தொடவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நானும் பார்த்தேன்.

சுவரில் அவவின் கணவரின் படம். பொட்டு வைத்து, மாலை போட்டு, கீழே ஒரு சிறிய மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டிப்பொங்கல் நாளில் எடுத்த படமாக இருக்க வேண்டும். அந்த மனிதர் ஒரு செங்காளையின் கழுத்தில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். காளையின் வலப்பக்கம் முழுதாகத் தெரிகிறது. அதன் துடையில் குடை. அதற்குக் கீழே உள்ள பகுதியை மாலை மறைத்திருந்தது.

அது எங்கள் குடியின் குறி. அவவும் தம்பியைக் கவனித்துவிட்டா.

"என்ன தம்பி, ஒண்டும் வாயில வைக்கல்ல?"

வயிறு சரியில்லை என்று சொன்னான். அடுத்த மாதம் திரும்ப வந்து நாள் பேசுவோம் என்று சொல்லி எழும்பிவிட்டான். அவ என்னைப் பார்த்தா. நான் என்ன சொல்வது என்று தெரியாமல், விமானத்தில் வந்த களைப்பு என்று ஏதோ சொன்னேன். மகள் என்னை முறைத்தாள்.

பென்டில் ஹில்லிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிட ஓட்டம். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அக்கா, ரெண்டில ஒண்டு. அந்த மனிசி குடிய மாத்திச் சொல்லியிருக்கணும். அப்பிடியெண்டா இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. இல்லாட்டி அந்த மனிசன் நம்மட மாட்டப் பிடிச்சிருக்கணும். எந்தப் பக்கம் பாத்தாலும் அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டன்."

என் கணவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "மாட்டின்ரை துடையைப் பாத்தே கலியாணத்தை நிப்பாட்டப் போறீர்?" என்றார். இது சிட்னி என்றும், இருபது வருடத்துக்கு முந்தின மாடு ஒன்று இப்போது வந்து பிள்ளையின் வாழ்க்கையில் முட்டக்கூடாது என்றும் சொன்னார்.

மகள் பின்சீட்டிலிருந்து, "அம்மா, இட்ஸ் எ கவ்," என்றாள். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்று தமிழில் சொன்னாள்: "எனக்கு ஒருத்தரும் குறி சுடல்ல அம்மா. நான் அவரத்தான் கட்டுவன். நீங்க வராட்டி ரெஜிஸ்டர் ஒபிஸில கட்டுவன்."

அழவில்லை அவள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் செய்கிற பிள்ளை.

எனக்கு ஒரு பக்கம் என் பிள்ளை, மறுபக்கம் என் தம்பி. தாய்மாமன் இல்லாமல் கலியாணம் நடந்தால் சட்டத்துக்குச் சரி, என் மனதுக்குச் சரியாகுமா? ஒரே குடியாக இருந்து அதைத் தெரிந்தும் செய்து வைத்தால் அம்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சாமியறையில் போய் இருந்தேன். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் மடித்துப் போட்டு அம்மாளிடம் கேட்கலாம் என்று கை போனது. பிறகு விட்டுவிட்டேன். பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கிற ஒரு மனிசியிடம் கேட்க வேண்டியதை, எனக்குத் துணிவில்லை என்பதற்காகச் சாமியிடம் கேட்பது நேர்மையில்லை என்று பட்டது.

முதலில் குடியை உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு நாள் திருவிழா. அந்த நாளில் அந்தக் குடியின் ஆட்கள்தான் செலவு செய்து முன்னுக்கு நிற்பார்கள். யாரும் இதில் பொய் சொல்லிப் புகுந்துவிட முடியாது. தம்பி மெல்பேர்னுக்குத் திரும்பிப் போய், அவவின் ஊர்க் கோயில் வண்ணக்கருக்கு, அதாவது கோயில் நிருவாகத்தைப் பார்க்கிறவருக்கு, போன் போட்டான். அந்தத் தாயின் வீட்டுப் பெண்கள் எந்த நாள் திருவிழாவுக்கு நிற்பார்கள் என்று விசாரித்தான். அவ சொன்ன அதே குடிதான். பரம்பரை பரம்பரையாக. கணவரின் குடியும் எங்களுடையது இல்லை.

எனக்கு மூச்சு வந்தது. கலியாணம் செய்யலாம். ஆனால் தம்பியின் குரலில் மகிழ்ச்சி இல்லை.

"அப்ப விளங்குதா அக்கா? அவங்க நம்மட குடியில்ல. அவங்கட பட்டியில நம்மட குறி என்னத்துக்கு?"

ஒரு கதவு திறக்க மறுகதவு அடைபட்டது போல இருந்தது. அவன் சொல்லச் சொல்ல, வெயிலில் சிரித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. அப்படி நினைக்காதே என்று மனதை அடக்கினேன்.

அதற்குள் கதை வெளியே போய்விட்டது. தம்பி தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவ தன் தமக்கையிடம். தமக்கைக்குச் சிட்னியில் தெரியாத ஆளில்லை. பென்டில் ஹில்லில் நான் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, கோயிலில் மட்டும் பழக்கமான ஓர் அன்ரி பக்கத்தில் வந்தா. சுகம் கேட்டா. பிறகு மெதுவாக, "சம்பந்தி வீட்டுல உங்கட மாடு நிக்குதாமே, பால் கறந்தியளோ?" என்றா. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வெண்டிக்காயைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். என்னைக் கேட்டதைவிட, அந்தக் கடைக்கு மாப்பிள்ளையின் தாயும்தானே வருவா என்பதுதான் நெஞ்சைக் குடைந்தது.

அவ வந்திருக்கிறா. கேட்டும் இருக்கிறா. அடுத்த நாள் மாப்பிள்ளை மகளிடம் சொன்னது இதுதான்: அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, அப்பாவைக் கள்ளன் என்று சொன்னார்களாம். மகள் அதை என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இரவு அவளும் சாப்பிடவில்லை.

நான் தம்பிக்குப் போன் எடுத்தேன். நீ வா, வந்து கேள், பின்னால் நின்று கதைக்காதே என்று சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். கேட்டு என்ன ஆகப் போகிறது, மாடு திரும்பி வரப்போகிறதா என்றான். மாட்டுக்காக இல்லை, ஒரு செத்த மனிதரை முகம் பாராமல் கள்ளன் என்று சொல்லியிருக்கிறாய், அதற்காக வா என்றேன். சரி, வாறன் என்றான்.

ஆனி மாதம், சிட்னியில் மாரிகாலம். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. இந்த முறை தட்டும் இல்லை, இனிப்பும் இல்லை. நானும் தம்பியும் மட்டும். என் கணவர் எங்களை இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தார். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால் வரவில்லை என்றார்.

அவவே கதவைத் திறந்தா. மகனை வெளியே அனுப்பியிருந்தா. குசினியில் மணம் இல்லை. வெள்ளைச் சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தா. கதிரையைக் காட்டினா, ஆனால் இருங்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் நின்றோம்.

"கேக்க வந்ததக் கேளுங்க," என்றா. "அவருக்கு முன்னால நிண்டு கேளுங்க."

நான் தொடங்கப் போனேன். தம்பி என்னை மறித்தான். அவன் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னான்: அந்தக் காளையில் இருப்பது எங்கள் குடியின் குறி. நீங்கள் எங்கள் குடியில்லை. எங்கள் மாடுகள் போன இடம் தெரியாது. கடப்பைத் திறந்துவிட்டவன் நான்தான். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்ல முடிந்தது.

அவ படத்தருகே போய் விளக்கை அணைத்தா. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தா. படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, தம்பியின் கையில் கொடுத்தா.

"மாட்டுக்காரப் பிள்ளதான நீங்க. வடிவாப் பாருங்க. குறிக்கு மேல குறி இருக்கா?"

தம்பி படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். நானும் எட்டிப் பார்த்தேன். குடை தெளிவாக இருந்தது. அதன் மேல் வேறு சூடு இல்லை. களவெடுத்தவன் முதலில் செய்வது பழைய குறியை அழிப்பதுதான். இது அழியவில்லை. அதைவிட, இதுவரை மாலை மறைத்திருந்த இடம் இப்போது தெரிந்தது. காம்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வீட்டு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்தான்.

தம்பி நிமிர்ந்தான். அவனுடைய நெற்றி சுருங்கியதை நான் கண்டேன். குடையைச் சுட்டவன் எழுத்தையும் சுடாமல் விடமாட்டான். அப்படி ஒரு மாட்டை அவன் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"எழுத்து எங்க அக்கா?" என்று கேட்டான். முதல்முறையாக அவவை அக்கா என்று சொன்னான்.

அவ அப்போதுதான் கதிரையில் இருந்தா. சொல்லச் சொல்ல அவவின் குரலில் இருந்த கோபம் இறங்கவில்லை. உங்கள் பக்கம் கலைந்த கிழமையில் மாடுகள் ஆற்றைக் கடந்து எங்கள் வெளிக்கு வந்தன என்றா. பல குறி மாடுகள். சொந்தக்காரர் வந்து கேட்டவற்றைக் கொடுத்துவிட்டார்களாம். குடைக்குறிப் பசுக்களை யாரும் கேட்டு வரவில்லை. பட்டினியிலும் முள் கீறியும், குடையைவிடச் சிறிய எழுத்துச் சூடுகள் புண்ணாகி மங்கிப் போயிருந்தனவாம்; எந்த வீடு என்று தன் கணவரால் வாசிக்க முடியவில்லை. ஊர்க்காரர் சிலர் மேல் குறி சுட்டு வித்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. தன் மாடுகளோடு சேர்க்காமல் வேறு பட்டி அடித்து வைத்திருந்தார்.

பிறகு பசுக்கள் கன்று போட்டன.

"கண்டுக்குக் குறி வேணுமே. தாய்ட குறிதான கண்டுக்கு? எங்கட குறியச் சுட்டா அது களவு. சுடாம விட்டா ஆரும் பிடிச்சிக்கு போவான். இவர் கொல்லனிட்டப் போய் உங்கட குடைய வரஞ்சி காட்டி, ஒரு கம்பி அடிப்பிச்சிக்கு வந்தார். ஊரெல்லாம் சிரிச்ச. எப்ப நீ குடி மாறின எண்டு கேட்ட. நானும்தான் ஏசினன். ஊரான்ட மாட்டுக்குக் கம்பி அடிக்கிற மனிசன் எங்கயும் இருக்கா எண்டு."

அவ தம்பியின் கையிலிருந்த படத்தைக் காட்டினா.

"குடைய மட்டும் சுட்டார். கீழ உள்ள இடத்த விட்டுட்டார். எந்த வீடெண்டு நமக்குத் தெரியா, வாறவன் தன்ட எழுத்தச் சுட்டுக்கட்டும் எண்டார். அந்தச் செங்காளை அப்பிடிப் பிறந்த கண்டுதான். அவருக்கு அதுல நல்ல உசிரு. அதான் அதோட நிண்டு படம் எடுத்த. அவர்ர படமெண்டு என்னட்ட இருக்கிறது அது ஒண்டுதான்."

நான் அழுதுவிட்டேன். தம்பி அழவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றான். மாடுகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். அவர்களும் இடம்பெயர்ந்தபோது எல்லா மாடுகளையும் காட்டுப் பக்கத்தில் ஒரு மேய்ப்பரிடம் விட்டுவிட்டு வந்தார்களாம். கணவர் இறந்த பிறகு விசாரிக்க ஆளில்லை. இருக்கா, செத்துதா, தனக்குத் தெரியாது என்றா. இடது கொம்பு முறிந்த ஒரு பசு இருந்ததா என்று தம்பி கேட்டான். அவ யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றா. அவன் தலையாட்டினான்.

பிறகு அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வெளியில் எங்கள் குடிக்காரர் பத்துப் பன்னிரண்டு வீட்டு மாடுகள் மேய்ந்தன என்றும், எழுத்து இல்லாதபடியால் இது எங்கள் வீட்டு மாட்டின் கன்று என்று தான் உரிமை சொல்ல முடியாது என்றும் சொன்னான். பிழையாகக் கதைத்துவிட்டேன் என்றான்.

அது போதும், இனிச் சரி என்று நான் நினைத்தேன். ஆனால் அவ எழும்பி, படத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டா. என்னைப் பார்த்து, நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றா. தன் கணவரைக் கள்ளன் என்று சொன்ன வீட்டில் மகனைக் கொடுப்பதா வேண்டாமா என்று தானும் யோசிக்க வேண்டும் என்றா. நாங்கள் கேட்டது போல, தங்களுக்கும் கேட்க இருக்கிறது என்றா. பிள்ளைகள் கட்டுவார்கள், அதைத் தன்னால் மறிக்க முடியாது. ஆனால் அந்த மண்டபத்தில் தான் வந்து இருப்பதா என்பது தன் கையில்தான் இருக்கிறது என்றா.

அவவின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவவிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? காலில் விழலாம் என்று குனிந்தேன். அவ பின்னுக்கு நகர்ந்தா.

"எனக்கு முன்னால விழுந்து என்ன செய்ய?" என்றா. "ஆருக்குச் சொன்ன நீங்களோ அவங்களுக்குச் சொல்லுங்க."

தம்பி போனை எடுத்தான். வெளியே போய்ப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் அங்கேயே, அவவுக்கு முன்னால், சத்தம் வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டு தன் மனைவியை அழைத்தான். அவ எடுத்ததும், தான் சொன்னது பிழை என்றான். அந்த மனிதர் எங்கள் குடி மாடுகளைக் காத்தவர் என்றும், கன்றுகளுக்கு எங்கள் குறியைச் சுட்டு எழுத்துக்கு இடம் விட்டு வைத்தவர் என்றும் ஒன்றும் விடாமல் சொன்னான். அந்தப் பக்கத்தில் அவ ஏதோ குழப்பமாகக் கேட்டா. அவன் திரும்ப முதலிலிருந்து சொன்னான். பிறகு மனைவியின் தமக்கைக்கு எடுத்தான். அந்தத் தமக்கை சிரித்தது இந்த அறை முழுதும் கேட்டது. அவன் முகம் சிவந்தது. சிரித்து முடியும் வரை பொறுத்திருந்து, அதே கதையை அதே மாதிரி மறுபடி சொன்னான். கடையில் கேட்ட அந்த அன்ரியின் நம்பரை என்னிடம் வாங்கி அவவுக்கும் எடுத்தான். அந்த அன்ரி, தான் பகிடிக்குத்தான் கேட்டதாகச் சொன்னா.

எங்களை இருங்கள் என்று சொல்லாத அந்த வீட்டில், தம்பி நின்றபடியே போன் மேல் போன் பேசிக்கொண்டிருந்தான். கடப்பைத் திறந்துவிட்ட நாளைப் பற்றி வாயே திறக்காதவன், ஆள் ஆளாகக் கூப்பிட்டு அந்த நாளிலிருந்தே தொடங்கிச் சொன்னான். நான்காவது ஆளோ ஐந்தாவது ஆளோ பேசிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் தாய் படத்தைச் சுவரில் மாட்டினா. மாலையை எடுத்தா. போடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மாலையை மடித்துப் படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் படும்படி குத்திவிட்டா. காளையின் துடை முழுதாகத் தெரிந்தது.

பிறகு என்னிடம், ஆவணியில் நாள் இருக்கா என்று ஐயரிடம் கேட்கச் சொன்னா.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தம்பி தாய்மாமனாக நின்றான். அவ மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தா. எங்களோடு முழுதாகச் சிரித்துப் பேச அவவுக்கு இன்னும் கன நாள் எடுத்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கதை மட்டும் அடங்கவில்லை. மாட்டுக்குப் பதிலாகப் பெண் கொடுத்தார்கள் என்கிறார்கள் சிலர். நூறு மாட்டைத் திருப்பிக் கொடுத்த மகான் என்கிறார்கள் வேறு சிலர். கள்ளன் என்பதும் எங்கேயோ ஒரு மூலையில் இன்னும் நடக்கிறது. அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். வேறு யாருக்காவது சொல்வதென்றால் நான் எழுதியபடி சொல்லுங்கள். மாடு திரும்பி வந்தது என்று சேர்க்க வேண்டாம், வரவில்லை. அவரைச் சாமியாக்க வேண்டாம், அந்த மனிசிக்கே அது பிடிக்காது. யாருடையதென்று தெரியாத கன்றுக்கு அதன் தாயின் குறியைச் சுட்டார், வீட்டு எழுத்துக்கு இடம் விட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். அதில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொல்லுங்கள்.